பொட்டலத்துக்கு நிழல்

திருவண்ணாமலையில் ஏறியதிலிருந்தே பக்கத்து இருக்கைக்காரர் நிலைகொள்ளாமல் தவித்தார். தலையில் துண்டு, மடியில் ஒரு பொட்டலம். பேருந்து திரும்பி வெயில் விழும்போதெல்லாம் எழுந்து எதிர்ப்பக்கம் போவார், மறுபடி வருவார். என் காலை மிதித்தபோது எரிச்சலோடு கேட்டேன்.

"அப்படி என்னங்க இருக்கு அதுல?"

"மல்லாட்டை, அதான் நிலக்கடலை, அந்த விதையில கலக்குற நுண்ணுயிர் உரம்ங்க. காத்துல இருக்குற சத்தைப் புடிச்சு வேருக்குக் குடுக்கும். அத்தனையும் உசுரு. போன தபா வெயில்ல வச்சுட்டேன், செத்துப்போச்சு. செடியெல்லாம் மஞ்சளாயிடுச்சு."

"இது உசுரோட இருக்கா?"

"செடி பச்சையா வந்தாத்தான் தெரியும்ங்க."

கீழ்பென்னாத்தூரில் இறங்கியதும் தலைத் துண்டை அவிழ்த்துப் பொட்டலத்தைச் சுற்றினார். உச்சி வெயிலில் வெறும் வழுக்கைத் தலையோடு ஓட்டமும் நடையுமாய்ப் போனார்.

அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் இப்போது நானும் கடலைச் செடிகளின் நிறத்தைப் பார்க்கிறேன்.