ஈரத் தோல் குடித்த பாட்டு

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் பாட்டு ரிசீவரின் இடது மூலை உள்ளே போயிருக்கும். கீழே விழுந்து நசுங்கியது என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விழவில்லை. அது என் மச்சானின் குத்து. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அந்தக் கைக்கு இரும்புத் தகடெல்லாம் பிசைந்து வைத்த மாவு. புதுப் பெட்டி வாங்கலாம் என்கிறாள் மருமகள். ஆம்பூரில் நான் எழுப்பிய இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள் தாயே, அதை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தோல் பதனிடும் அடுத்தவன் டேனரியில் ஈரத் தோல் சுமந்து, முதுகு புண்ணாகி, பிறகு சொந்தமாக ஒரு டேனரி போட்டவன். தோலைத் தடவியே ஆட்டின் வயதைச் சொல்ல இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் கம்மி. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனாலும் இந்தத் தலை இன்னும் கழுத்தின் மேல் நிற்பதற்குக் காரணம் என் சாமர்த்தியம் அல்ல. தொண்ணூறுகளில், தொழில் தொடங்கிய புதிதில், பக்கத்து டேனரி முதலாளி என் முதல் லாரியை உள்ளே விடமாட்டேன் என்று ஆட்களோடு வந்து வழியை மறித்தார். கைகலப்பாயிற்று. ஒருவன் சவுக்குக் கட்டையை என் மண்டைக்குக் குறிவைத்து வீசினான். மச்சான் என்னைத் தள்ளிவிட்டுக் குறுக்கே வந்தார். கட்டை அவர் வலது காதில் இறங்கியது. காதிலிருந்து ரத்தம் தோளில் வழிய, அடித்தவனைக் கீழே போட்டு மிதித்து, அவன் தாடையை உடைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினார். வலது காது அன்றோடு போயிற்று.

மீதியிருந்த இடது காதை அவர் பாட்டுக்கென்றே வைத்திருந்தார். மற்ற நேரமெல்லாம் கை ஓங்கும் மனிதர், பாட்டு ஓடினால் மட்டும் ஸ்பீக்கர் பக்கம் இடது காதைத் திருப்பிக்கொண்டு பூனைபோல் உட்கார்ந்திருப்பார். அவருக்காகவே, இரண்டாயிரம் பிறந்த பிறகு, வெளிநாட்டு ரிசீவர் ஒன்றையும் கம்பியில்லாமல் பாட்டை அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றையும் தருவித்தேன். வீட்டு முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்த என் டேனரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஊர்ப்பட்ட பாட்டு இருந்தது. அங்கே பெட்டியை ஜன்னலில் வைத்தால், முற்றத்தைத் தாண்டி வீட்டு ஹாலில் பாட்டு கேட்கும். தெருவில் யாரிடமும் இல்லாத சாமான். முதல் வாரம் ஊரையே கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் பாட்டு உடைய ஆரம்பித்தது. ஒரு வரி வரும், கரகரவென்று இரையும், அடுத்த வரி பாதியில் செத்துப்போகும். சில நாள் கண்ணாடிபோல் கேட்கும், சில நாள் ஒன்றுமே புரியாது. மச்சான் சத்தத்தை ஏற்றினார். பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் ஏறியது.

"ஒடையுது மாப்ள."

"எனக்கும்தான் ஒடையுது மச்சான்."

"பொய் சொல்லாத. உனுக்கு ரெண்டு காது இருக்குது. பாவம் பாத்து பேசறியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி கெட்டுவிட்டதென்று அவர் நினைக்கவில்லை. இடது காதும் போகிறது என்று நினைக்கிறார். வேலூரிலிருந்து வந்த மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "பெட்டிங்க நல்லாத்தான் இருக்குது. எதுக்கும் பெரியவர் காத ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க" என்றான். மச்சான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அறைந்தார். நான் இடையில் விழுந்ததால் அவன் பிழைத்தான். ஸ்பேனரைக்கூட எடுக்காமல் ஓடினான்.

காது போகவில்லை என்றால் யாரோ பாட்டைக் கெடுக்க வேண்டும், இது மச்சான் கணக்கு. பக்கத்து முதலாளி அப்போதுதான் கம்பியில்லாத போன் ஒன்று வாங்கியிருந்தார். அதன் ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு வாசலில் உலாவுவார். மச்சானுக்குப் போதாதா?

"பாத்தியா அவன? அந்தக் கம்பியால நம்ம பாட்ட இழுக்கறான். அன்னைக்கு ஒரு காத எட்த்தான். இப்ப மிச்சத்துக்கும் வந்துட்டான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். பாட்டு உடைந்தது. ரிசீவரின் மூலையில் ஒரு குத்து. மூலை உள்ளே போயிற்று, பாட்டு வரவில்லை. எழுந்தார். டிரம் மூடியை நெம்பும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். "மச்சான், வாணாம்" என்று பின்னாலேயே ஓடினேன். எங்கள் முற்றத்தில் ஆட்கள் அவசர ஏற்றுமதிக்கு லாரியில் தோல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனோம்.

முதலாளி வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். முதல் அடி போனில் விழுந்தது. சில்லுச் சில்லாகப் பறந்தது. அடுத்தது வாயில். முன்பல் தெறித்து விழுந்தது. அவர் ஆட்கள் இருவர் பாய்ந்தார்கள். ஒருவனை நான் சாக்கடையில் உருட்டினேன். மற்றவன் பலகையால் என் நெற்றியைப் பிளந்தான். தழும்பு இப்போதும் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன். ரத்தம் மறைத்த கண்ணால் பார்க்கிறேன்: முதலாளி மல்லாந்து கிடக்கிறார், அவர் மண்டைக்கு மேலே மச்சானின் கம்பி ஓங்கி நிற்கிறது. "என் பாட்ட வுட்றா!"

அந்த நிமிஷம் எங்கள் வீட்டிலிருந்து பாட்டு வந்தது. உடையாமல், இரையாமல், பாடுகிறவன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிற மாதிரி, முழுச் சத்தத்தில்.

ஓங்கிய கம்பி அப்படியே நின்றது. முதலாளி ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"இப்ப கேக்குதாடா?"

மச்சான் இடது காதைத் திருப்பினார். கம்பி கீழே விழுந்தது. "மாப்ள, காது இருக்குதுடா!" என்று கத்தினார். வெள்ளைச் சட்டையெல்லாம் அடுத்தவன் ரத்தம். அழுதுகொண்டே சிரித்தார். போனை உடைத்ததால்தான் பாட்டு வந்தது என்று எல்லோரிடமும் சொன்னார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அடுத்த சரக்கு முற்றத்தில் அடுக்கியதும் பாட்டு மறுபடி உடைந்தது. இத்தனைக்கும் முதலாளியிடம் போனே இல்லை. யோசித்தேன். பதனிடும் குரோம் உப்பில் ஊறி நீலமாக வெளியே வரும் தோலை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைப்போம். தண்ணீரும் உப்பும் குடித்த சுவர் அது, ஆபீஸ் ஜன்னலுக்கும் ஹாலுக்கும் நட்ட நடுவில். லாரி வந்து அள்ளிக்கொண்டு போகிற நாளில் மட்டும் பாட்டுக்கு வழி கிடைத்திருக்கிறது. அடுக்கச் சொன்னேன், உடைந்தது. எடுக்கச் சொன்னேன், வந்தது. எந்த இன்ஜினியரும் சொல்லித் தரவில்லை. அனுப்பும் பெட்டியை ஆபீஸ் மாடியில் மூங்கில் நட்டு, தோல் அடுக்குக்கு மேலே ஏற்றினேன். இரைச்சல் அமுங்கட்டும் என்று கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கூட்டி, ரிசீவரில் குறைத்தேன். அதற்குப் பிறகு பாட்டு உடையவே இல்லை.

மச்சானிடம் சொன்னேன். "அப்ப அவன் பல்லு?" என்றார். அடுத்த ஞாயிறு ஒரு குண்டான் பிரியாணியோடு முதலாளி வீட்டுப் படியில் போய் நின்றார். முதலாளி மூடியைத் திறந்து பார்த்தார். "எலும்பில்லாம எட்த்தாந்து இருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை அந்த இடது காது நன்றாகவே கேட்டது. இப்போது மருமகள் கைப்பேசியிலிருந்து பாட்டை அனுப்புகிறாள், துளி இரைச்சல் இல்லை. யாரும் எதையும் குத்துவதில்லை. ஹாலில் ஆள் இல்லாதபோது நான் கையை மூடி அந்த மூலையில் வைத்துப் பார்ப்பேன். இந்த ஊரில் என் கைக்குச் சமமான கை கிடையாது என்று சொல்லித் திரிந்தவன் நான். அந்தப் பள்ளத்தில் வைத்தால், சுற்றிலும் இடம் மிஞ்சுகிறது.