கொடி போர்த்தாமல் போன சவரிமுத்து அண்ணன்

சவரிமுத்து அண்ணன் போயிட்டார். நேற்று விடிகாலை, கிள்ளானில், தூக்கத்திலேயே.

இன்று மதியம் அடக்கம் முடிந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் இதை எழுதுகிறேன்... நாளைக்கு என்று தள்ளினால் எழுதமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்போதைய பிள்ளைகளுக்கு அவர் கிள்ளான் புடவைக்கடைக்காரர், அவ்வளவுதான். நம் கட்சியைத் தொடங்கியவர் அவர்.

தொடங்கியவர்களில் ஒருவர் என்று திருத்துவீர்கள். சரி. ஆனால் நாங்கள் பதினொரு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தோம்... கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாடியறை பிடித்து, வாடகை கட்டி, நாற்காலி போட்டு, "இனிமே இங்க வந்து பேசுங்க" என்றவர் அவர்.

மைக் செட் வேண்டும் என்றபோது கடை வேனை விற்றார். அதற்குப் பிறகு கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில்தான் வருவார். மடியில் புடவை அட்டைப்பெட்டி, உள்ளே எங்கள் கொடிகள். துணியும் அவர் கடைத் துணி, தைத்ததும் அவர் கடைத் தையல்காரர்.

ஆள் சேர்த்த விதம் இன்னும் வேடிக்கை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் புடவை எடுக்க வரும் அக்காக்களின் பையில், பில்லோடு ஒரு உறுப்பினர் விண்ணப்பப் பாரத்தையும் மடித்து வைத்துவிடுவார்.

"அக்கா, சேலை சாயம் போனா எங்கிட்ட கொண்டாங்க. கட்சி சாயம் போனாலும் எங்கிட்டயே கொண்டாங்க லா."

எங்கள் முதல் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அதற்கு எங்கள் கொள்கை விளக்கம்தான் காரணம் என்று நான் மேடையில் பேசியிருக்கிறேன்.

கட்சியைப் பதிவு செய்யப் போனபோது, அவர் பெயர் இருந்தால் கடை லைசென்சுக்குச் சிக்கல் வரும் என்று யாரோ பயமுறுத்தினார்கள். பெயர் இல்லாமலே பாரம் போனது.

"என் பேர எப்ப வேணாலும் போட்டுக்கலாம் தம்பி. மொதல்ல கட்சி பதிவாகட்டும்." அன்று எடுத்த படத்திலும் அவர் இல்லை. கேமராவைப் பிடித்திருந்தது அவர்தான்.

பிறகு தேர்தல். எனக்குத்தான் சீட் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். படித்தவன், பேசத் தெரிந்தவன்... வேறு யார் இருந்தார்கள்?

கமிட்டியில் அண்ணன் எழுந்தார். "எம்.ஏ. தம்பி நல்லா பேசுவாரு, இல்லேங்கல. ஆனா நம்ம ஜனங்க குடியிருக்கிற தாமான்ல ஒரு வீட்டு கேட்டயாவது தட்டியிருக்காரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டியதில்லை.

சீட் வேறொருவருக்குப் போனது. அவர் அப்புறம் கட்சி மாறிப் போனார், அதை விடுங்கள். அந்தச் சிரிப்பை மட்டும் நான் விடவில்லை... வருஷக்கணக்காக.

அப்படி இருக்கும்போதுதான் கட்சியின் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை என்னிடம் வந்தது. மாடியறையைக் காலி செய்தபோது கூட்டக் குறிப்புகள் எழுதிய பழைய மினிட் புத்தகம் தொலைந்திருந்தது. நான் எழுதுவதுதான் இனி வரலாறு.

ஸ்தாபகர்கள் என்று தலைப்புப் போட்டு, என்னையும் சேர்த்துப் பதினொரு பெயர் எழுதினேன். பன்னிரண்டாவது பெயர் மறந்துபோகவில்லை. எழுதி, அடித்தேன்.

மற்ற பத்துப் பேரும் மலரைப் புரட்டினார்கள். அவரவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வேறொன்றும் பார்க்கவில்லை.

அந்த வாரமே அண்ணன் போன் செய்தார். 'பாரத்தில் உங்கள் பெயர் இல்லை, படத்திலும் இல்லை, ஆதாரம் இல்லாமல் எப்படி எழுதுவது' என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"படிச்சேன் தம்பி. தமிழ் நல்லா இருக்கு. கடைக்கு ஒரு அம்பது புக்கு அனுப்பி வைங்க." வைத்துவிட்டார்.

இன்று காலை அவர் வீட்டில், பெட்டியை மூடுவதற்கு முன்னால், கிளைச் செயலாளர் திவாகர் என் பக்கத்தில் வந்து நின்றான். கையில் மடித்த கொடி. ஸ்தாபகர்களுக்கு மட்டும்தான் கொடி போர்த்துவது நம் கட்சி வழக்கம்.

"அங்கிள், கொடி போடுங்கன்னு அவர் மக ஸ்டெல்லா கேக்குறாங்க. தலைமையகத்துல மலரைப் பாத்துட்டு, லிஸ்ட்ல பேர் இல்ல, போடக்கூடாதுங்கறாங்க. நீங்கதானே எழுதுனீங்க... இவர் ஃபவுண்டரா?"

சுற்றிலும் ஆட்கள். எல்லோரும் என் வாயைப் பார்ப்பது போல இருந்தது.

"பாத்துதான் சொல்லணும்" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு, கொடியைக் காரின் பின்பக்கம் வைக்கப் போனான். கார் நின்றது கேட்டுக்குப் பக்கத்தில்தான். கூப்பிட்டிருக்கலாம்... மெதுவாகக் கூப்பிட்டாலே கேட்டிருக்கும்.

பெட்டியை மூடினார்கள்.

சர்ச் வாசலில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், உங்க புக்கு இன்னும் கடை கவுண்டர்லதான் இருக்கு. வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டுவாரு, எங்க எம்.ஏ. தம்பி எழுதுனதுன்னு."

கொடியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவைப் போலவே.

திவாகர், இப்போது சொல்கிறேன். அவர் ஃபவுண்டர்தான். பெயரை அடித்தது நான், வேண்டுமென்றே. இந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பு. இதை நான் அழிக்கப் போவதில்லை.

ஸ்டெல்லா, இதை நீ படிப்பாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் வாய் வரவில்லை அம்மா.

நண்பர்களே, 'உங்களுக்குப் பெரிய மனசு' என்று கீழே யாரும் எழுதவேண்டாம். மண் போட்டாகிவிட்டது.

சவரிமுத்து அண்ணே... உங்க பேர எப்ப வேணாலும் போட்டுக்கலாம்னு சொன்னீங்க. இப்பதான் போடுறேன்.

போய்ட்டு வாங்க.