குளச்சல் மீரானின் காது

குளச்சலில் முகம்மது மீரானை அறியாதவர்கள் உண்டு. ஆனால் பழைய ராக் இசைத்தட்டு சேர்ப்பவர்களிடம் பெயரைச் சொன்னால் போதும், சென்னையிலும் கொச்சியிலும் "காதுக்காரரா?" என்பார்கள். ஷார்ஜாவில் இருபத்தாறு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். கூட இருந்தவர்கள் தங்கமும் கம்பளமும் கொண்டுவந்தபோது, இவர் எழுபதுகளில் இங்கிலாந்தில் அச்சான தட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார். மனைவி ஹலீமா பீவி அதைப் பற்றி இன்றுவரை நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுபதிப்பு என்றாலே மீரானுக்கு ஆகாது. பழைய ஆல்பங்களை இப்போது வெளிநாட்டில் பல கம்பெனிகள் புதிதாக அச்சடித்து விற்கின்றன. மூல ஒலிநாடாவைத் தொடாமல், கம்ப்யூட்டர் கோப்பிலிருந்து எடுத்துத் தட்டில் இறக்கி, பளபளவென்று அட்டை போட்டு ஏமாற்றுகிறார்கள் என்பது அவர் கட்சி. சில தட்டுகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. மனிதர் கேட்டுவிட்டுச் சொன்னால் பரவாயில்லை, கேட்காமலே தீர்ப்புச் சொல்வார். வாட்ஸ்அப் குழுவில் யாராவது புதுத் தட்டின் படத்தைப் போட்டால் உடனே அவருடைய குரல்பதிவு வந்து விழும்.

ஷார்ஜாவில் அவரோடு ஒரே அறையில் படுத்தவர் ஜேசுதாஸ். ஒரு ஆங்கில ராக் குழுவின் கேசட்டை இருவரும் தேயத் தேயக் கேட்டவர்கள். ஜேசுதாஸ் ஊருக்கு வந்து மீன் வியாபாரத்தில் இறங்கினார். அவர் மகள் ஜெனிலா களியக்காவிளையில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அதே ஆல்பத்தைத் தட்டாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தாள். ஜேசுதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் போன் மீரானுக்குத்தான்.

மீரான் வந்து பார்த்தார். மறுபதிப்பு. தன்னிடம் இதன் முதல் பதிப்பே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் போட்டுக் காட்டுகிறேன், வித்தியாசம் தெரியும் என்று சொல்லிப் புதுத் தட்டையும் வாங்கிக்கொண்டு போனார். புதுத் தட்டிலும் அச்சுக்கூடத்து எண்ணெய்ப் பசை இருக்கும் என்பதால் கழுவாமல் போடக்கூடாது என்பது அவர் சட்டம். இரண்டையும் கழுவித் தாங்கியில் உலர வைத்தார். நடுவில் ஒட்டிய லேபிளைக் கம்பெனிக்காரன் பழையதைப் பார்த்து அச்சு அசலாகச் செய்திருந்தான். உலர்ந்ததும் உறைக்குள் போடும்போது மீரான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. மறுபதிப்புக்காரர்களைக் கிழித்துக் குழுவுக்குக் குரல்பதிவு பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து சாப்பாட்டுக்கு ஜேசுதாஸின் மச்சினன்மாரும் வந்திருந்தார்கள். மீரான் தன் பழைய உறையிலிருந்து தட்டை எடுத்து எல்லோருக்கும் உயர்த்திக் காட்டிவிட்டு ஜேசுதாஸ் வீட்டுப் பிளேயரில் போட்டார். டிரம்ஸ் அடிப்பவன் மூச்சு விடுவது கேட்கிறதா என்றார். ஐம்பது வருஷத்துத் தட்டில் ஒரு கரகரப்பு உண்டா, அந்தக் காலத்து அச்சு அப்படி என்றார். பிறகு ஜெனிலாவின் உறையிலிருந்து எடுத்துப் போட்டதும் இரண்டு இடத்தில் பொரிந்தது. "கேட்டியா ஜேசு? மட்டமான பிளாஸ்டிக். பாட்டு செத்துக் கிடக்கு. பிள்ளைய நல்லா ஏமாத்திட்டானுவ" என்றார்.

ஜெனிலா எழுந்து அடுக்களைக்குப் போனாள். ஜேசுதாஸ் சிரித்துச் சமாளித்தார். மீரான் வயிறு நிறைய நெய்மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை குழுவில் ஒருவர் அந்த முதல் பதிப்பில் லேபிளை ஒட்டி வெட்டியிருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மீரான் கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். லேபிளில், நடுத்துளைக்குப் பக்கத்தில், நீலப் பேனாவால் சின்னதாக ஒரு சிலுவை.

அது யார் போட்டது என்று அவருக்குத் தெரியும். ஜேசுதாஸின் மனைவி செசிலி, புதிதாக வீட்டுக்குள் வரும் எதிலும் ஒரு சிலுவை போட்டுவிடுவார். மிக்சியில், மின்விசிறி இறக்கையில், கேஸ் அடுப்பின் அடியில்கூட உண்டு. மீரான் உயர்த்திக் காட்டிப் புகழ்ந்தது ஜெனிலாவின் தட்டு. செத்துக் கிடக்கு என்றது அவருடைய பொக்கிஷம். இப்போது அச்சடிக்கும் தட்டுகள் பழையதைவிடக் கனமானவை, கையில் எடுத்தபோதே அந்தக் கனம் சொல்லியிருக்க வேண்டும். கை சொன்னதைக் கேட்க வாய் ஓய்ந்திருந்தால்தானே. ஜும்ஆ தொழுகைக்கு நின்றபோதும் அந்தப் பிள்ளை எழுந்து போனதுதான் கண்ணில் நின்றது. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. வெட்கக்கேட்டில் இன்னொரு வெட்கக்கேடு அதுதான். மறுநாள், சிலுவை போட்ட தட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஜேசுதாஸ் துறைமுகத்தில் இருக்கும் நேரம் பார்த்துப் போனார். இன்னொரு முறை கழுவித் தருகிறேன் என்று சொல்லி வாங்கி, அங்கேயே சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்பது திட்டம்.

ஜெனிலா வீட்டில் இருந்தாள். அவர் வாய் திறக்கும் முன்பே தட்டை உறையோடு கொண்டுவந்து நீட்டினாள்.

"இத எடுக்கத்தானே வந்திய, மாமா?"

மீரான் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அண்ணைக்கு நீங்க தூக்கிக் காட்டும்போதே நானும் அம்மையும் சிலுவையப் பாத்தோம். அம்மைதான் எனக்க கையப் பிடிச்சு அமத்தினா. நாலு பேருக்கு முன்ன மாமாவக் குறைச்சுப் பேசாண்டாம்னு."

அவர் நாலு பேருக்கு முன்னால்தான் அவளைக் குறைத்துப் பேசியிருந்தார். அப்பாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது. அப்பா அதுக்குப் பிறவு அதத் தொடவே இல்ல. இத நீங்க கொண்டு போங்க மாமா, நான் சொல்ல மாட்டேன்."

பையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வாசல்வரை போகவும் செய்தார். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து ஜேசுதாஸ் வந்தார், லுங்கியில் மீன் செதிலோடு. மீரான் எழுந்து நின்று, ஒன்றுவிடாமல் சொன்னார். தட்டு மாறியது, தனக்கு வித்தியாசம் தெரியாமல் போனது, களவாக மாற்ற வந்தது எல்லாம். செசிலி அடுக்களை வாசலில் நின்று கேட்டார்.

ஜேசுதாஸ் அவரைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

"மக்கா, உனக்க தட்ட ஒண்ணு போடு."

ஜெனிலா மீரானின் பையிலிருந்து சிலுவை போட்ட தட்டை எடுத்துப் போட்டு ஊசியை வைத்தாள். ஜேசுதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். மீரான் தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரன் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது. அன்று அவர் சொன்னபடியேதான் இருந்தது, ஒரு குறையும் இல்லை.