விரல் நுழைந்த விரிசல்

மலேசியாவின் சிகாமட்டில் லேசான நிலநடுக்கம் வந்த மறுநாள், வீடுகளின் சேதத்தைப் பதிய ஆய்வுக்குழு என்னை அனுப்பியது. தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த சரசு அக்கா சமையலறைச் சுவரைக் காட்டினார். விரிசலுக்குள் ஒட்டடை இருந்தது.

"இது பழைய விரிசல்க்கா."

"பழசுதான் தம்பி. ஆனா நேத்து வரைக்கும் என் விரல் உள்ள போகல லா."

மழைக்கு முன் கிளம்பும் அவசரத்தில், அளக்காமலேயே 'நிலநடுக்கத்தால் அல்ல' என்று எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி அதிர்ந்தது. அந்தச் சுவர் சரிந்து அக்காவின் கால் நசுங்கியது.

மருத்துவமனையில் என்னைப் பார்த்து, "ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பேனே," என்றார்.

என் அறிக்கையால் அவருக்கு நிலநடுக்க நிவாரண உதவியும் மறுக்கப்பட்டது. திருத்தினால் வேலை போய்விடுமென்று பயந்தேன். அளக்காமல் விட்டதையாவது அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்றுவரை திருத்தாமல் இருப்பதற்கு என்னிடம் பெயரே இல்லை.