தண்ணீர்மேல் போட்ட கோடு

எங்கள் சுகாதார அலுவலகத்தில், நோய் அடுத்து எங்கே பரவும் என்று கணித்துச் சொல்ல ஒரு மென்பொருள் உண்டு. அதில் ஊர்கள் புள்ளிகள், சாலைகள் கோடுகள். மழை விட்டதும் பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் ஓர் ஊரில் வாந்திபேதி கண்டது. அங்கிருந்து நான் பிறந்த ஊருக்குச் சாலை வழியே வருவதென்றால் ஆரம்பாக்கம் சுற்றி, பஸ் மாறி, பாதி நாள் போய்விடும். அதனால் எங்கள் ஊர் வரைபடத்தில் பச்சையாகவே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கரைக்கு எவன் பஸ்ஸில் போகிறான்? படகில் ஏறினால் வெற்றிலை மென்று துப்புவதற்குள் போய்விடலாம்.

தண்ணீர்மேல் நானே ஒரு கோடு போட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஊர் சிவந்துவிட்டது. சிரிப்பு போய்விட்டது.

அந்த வாரம்தான் இரண்டு ஊரும் கூடிப் பாடு பிரிக்க இருந்தார்கள். எந்தக் குடும்பம் ஏரியில் எந்த இடத்தில் எப்போது வலை கட்டலாம் என்று சீட்டுப் போடும் கூட்டம் அது. எல்லோருக்கும் ஒரே அண்டாவில் சோறு, ஒரே குடத்தில் தண்ணீர். அதிகாரியிடம் சொன்னேன். கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். பாடு பிரிக்காமல் யாரும் வலை கட்ட முடியாது.

தம்பி போன் செய்தான்.

“இன்னாக்கா, உன் கம்ப்யூட்டரு சொல்லுச்சுன்னு கூட்டத்த நிறுத்திட்டியாமே? எறா எல்லாம் கடலுக்குப் போவுது. நைனா வலைய மடியில வெச்சிக்கினு குந்திக்கினு கீறாரு.”

“நோய் வந்தா இன்னாடா பண்ணுவ?”

“வந்தா பாத்துக்கலாம்.”

ஊருக்குக் குளோரின் போனது, லாரியில் தண்ணீர் போனது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பல் துலக்குமுன் வரைபடத்தைத் திறப்பேன். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, யாருக்காவது வயிறு சரியில்லையா என்று கேட்பேன். இறால் பருவம் முடிந்தது. நோய் வரவில்லை. நாங்கள் தடுத்ததால் வரவில்லையா, எப்படியும் வந்திருக்காதா? மென்பொருளில் துழாவித் துழாவிப் பார்த்தேன். அது அதைச் சொல்வதாக இல்லை.

கடைசியாகக் கூப்பிட்டபோது தம்பி அலுத்துக்கொள்ளவில்லை. நிதானமாகத்தான் பேசினான்.

“ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லக்கா. டெய்லி இதத்தான் சொல்றேன். சொல்லச் சொல்ல உன் கொரலு ஏன் எறங்கிப் போவுது? உனக்கு சந்தோஷம் இல்லியா?”

“சந்தோஷம்தான்டா” என்றேன். அவன் கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னேன்.