வில்லுக்குப் பட்டு

வில் வேண்டும் என்று நான் அடம்பிடித்த கோடை விடுமுறையில் அப்பா சவுக்குக் கட்டையைச் சீவி இரண்டு வில் செய்து கொடுத்தார். இரண்டும் வளைக்கும்போதே வெளிப்புறத்தில் மரச்சிலாம்பு கிளம்பி ஒடிந்தன. மூன்றாவதற்குக் கருவடிக்குப்பத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. செல்போனில் வீடியோ பார்த்தே சகல தொழிலும் கற்றவர்.

"வில்லு முதுகுல பட்டுத்துணிய ஒட்டணும். அப்பதான் சிலாம்பு கெளம்பாது. ஆனா அசல் பட்டா இருக்கணும்" என்றார்.

அம்மா பீரோவைத் திறந்து தன் கூறைப்புடவையை எடுத்துவந்தாள். அப்பா மில்லில் வேலை பார்த்தபோது காஞ்சிபுரம் போய் எடுத்தது என்று போகிற விசேஷத்தில் எல்லாம் அவள் பெருமையடிக்கும் புடவை. உள்தலைப்பில் இரண்டு விரல் அகலம் கிழித்தால் கட்டும்போது தெரியாது என்றாள். அப்பாதான் பதறினார்.

"அதுல கை வெக்காதீங்க. நேரு வீதியில துண்டுப் பட்டு கெடைக்கும், போய் வாங்கியாறேன்."

புடவை மேல் அப்பாவுக்கு இவ்வளவு ஆசையா என்று நான் பூரித்துப்போனேன்.

மாமா அதற்குள் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டிவிட்டார். அசல் என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பலாக உதிரும். போலி என்றால் உருகும் என்று விளக்கம் வேறு. இழை உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகத் திரண்டது. வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "முடி கருகுற வாடை வருது. அசல்தான்."

மாமா அக்காவின் முகத்தைப் பார்த்தார். "ஆமாக்கா, வருது."

"இல்லம்மா, பக்கெட்டு கருகுற மாதிரி..." என்று நான் ஆரம்பித்ததும், பசை எடுத்துவரச் சொல்லி அம்மா என்னை விரட்டிவிட்டாள்.

துணியை அப்பாவே வெட்டி ஒட்டினார். அந்த வில் ஒடியவில்லை. முதல் அம்பு பக்கத்து மாடியில் காய்ந்த வடகத்தில் விழுந்து, எங்கள் எல்லோருக்கும் திட்டு கிடைத்தது. அப்பா அன்று யாரும் சொல்லாமலே அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தார்.

எனக்கு அம்மாவைப் பற்றித்தான் கவலை. மூன்று வீடு தள்ளி வறுத்தாலும் என்ன கருவாடு என்று சொல்கிற மூக்கு அவளுடையது. சளிதான் பிடித்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, தைலக் குப்பியை எடுத்துப்போய் நீட்டினேன். அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, சிரிக்காமல் வாங்கி மூக்கில் தடவிக்கொண்டாள்.