வீட்டுத் தண்ணீருக்குப் போட்ட சிவப்புக் கோடு

என் ஏழாம் வகுப்பு மாணவி எழுதிய சரியான விடையைச் சிவப்பு மையால் அடித்தது ஆய்வுக்கு வந்த அதிகாரியான நீங்கள்தான்.

"உன் வீட்டுத் தண்ணீரைக் கவனித்து எழுது" என்பது நான் கொடுத்த கேள்வி. "மஞ்சளாக இருக்கிறது. உப்புக் கரிக்கிறது. விடியற்காலையில் பிடித்தால் நாற்றம் கம்மி" என்று அவள் எழுதியிருந்தாள். அந்தக் கடைசி வரியைப் படித்து அசந்துபோனேன். எத்தனை காலை, எத்தனை மாலை முகர்ந்து பார்த்திருந்தால் அதை எழுத முடியும்! நீங்கள் கோடு போட்டு, பக்கத்தில் "நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது" என்று எழுதினீர்கள். "புக்குல இருக்கறத எழுத வைங்க டீச்சர்" என்று எனக்கும் ஒரு புத்திமதி.

எனக்கு அறிவியல் புத்தகத்திலிருந்து வரவில்லை. அப்பா பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு நாள் சாப்பாட்டு கேரியரோடு போய் நின்றேன். சுழலும் டிரம்மிலிருந்து எடுத்த ஈரத்தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் மாதிரி இருந்த மருந்து, தோலின் நடுவில் மட்டும் ரோஜா நிறமானது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"உள்ள சுண்ணாம்பு இன்னும் ஜாஸ்தி. சுத்த விடு" என்று பக்கத்து ஆளிடம் கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா வாயப் பொளந்துக்கினு நிக்கற? போம்மா, மேல தெறிக்கும்."

அவர் கைநாட்டு வைக்கிறவர். அந்த மருந்து பினாப்தலீன் என்று நான் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். வெட்டிப் பார், பார்த்ததை எழுது. இதைத் தவிர எனக்கு வேறு பாடமுறை தெரியாது.

நீங்கள் போன பிறகு அந்த மாணவி கேட்டாள்: "அப்போ எங்க வீட்ல வர்றது தண்ணி இல்லியா மிஸ்?"

அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தோம். மறுநாள் தண்ணீர் போய், வெள்ளையாகப் பூத்திருந்தது. பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"மிஸ், கட்டம் கட்டமா இருக்குது! யாரு செதுக்கினாங்க?"

"உங்க வீட்ல கொழம்புக்கு உப்பே வாங்க வேணாம்டி" என்றாள் பின்னால் நின்றவள். வகுப்பே சிரித்தது. குனிந்திருந்தவள் காதில் எதுவும் விழவில்லை. நானும் பார்த்தேன். உப்பு எனக்குப் புதிதா? ஆனாலும் அன்றைக்கு மறுபடி மூச்சு நின்றது.

அடுத்த தேர்வில் அதே கேள்வியை வைத்தேன். "நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது" என்று எழுதியிருந்தாள்.

"ஏம்மா?"

"ஆபீசர் அடிச்சிடுவாரு மிஸ்."

பார்த்ததை எழுதவைத்த அந்தக் கண்ணை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள். அவள் வீட்டுத் தண்ணீரை ஒரு டம்ளரில் வைத்திருப்பேன். முகர்ந்து பார்த்துவிட்டு, அவளும் அவள் அம்மாவும் ஊரும் கேட்க, மைக்கில் சொல்லுங்கள்: அவள் முதலில் எழுதியது தவறா?